ஏற்காட்டு இறக்கமும் ஹைப்ரிட் கியர்பெட்டியும்

சேலம் கோரிமேட்டைக் கடந்து அடிவாரத்தில் தொடங்கி, 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காட்டை அடையும் மலைப்பாதை, அதற்கும் அப்பால் செம்மநத்தம், நாகலூர் போன்ற சேர்வராயன் மலைக் கிராமங்களுக்குப் போய்வரும் வண்டிகளின் கிளட்ச், பிரேக், கியர்பெட்டி ஆகியவற்றை எந்தப் பணிமனையையும்விடக் கறாராகச் சோதித்துவிடும். காப்பித் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டியவர்கள் காலத்திலிருந்து அங்கே வழங்கிவரும் விதி, ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பதாகும். கீழ்க்கியரில் இறங்கும்போது சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றியாக வேண்டியிருப்பதால், அந்தச் சுழற்சிக்கு இன்ஜின் காட்டும் எதிர்ப்பே வண்டியைப் பிடித்துக்கொள்ள, பிரேக் சூடேறாமல் தப்புகிறது. 2022க்குப் பிறகு இப்பாதையில் கூடுதலாகத் தென்படும் ஹைப்ரிட் கார்களில் ஓட்டுநர் மாற்றுவதற்குக் கியர் என்று ஒன்று இல்லாததால், இந்த விதி அவற்றுக்கு எப்படிப் பொருந்தும் என்பது ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் அடிக்கடி எழுப்பும் கேள்வியாகியிருக்கிறது. அதற்கான விடை அந்தக் கியர்பெட்டியின் அமைப்பிலேயே இருக்கிறது. அதன் பராமரிப்பும் அங்கிருந்தே புரியவரும்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். வண்டியின் பின்புறம் ஹைப்ரிட் என்று எழுதியிருப்பதெல்லாம் ஒரே இனமல்ல. மாருதி நிறுவனம் 2015இல் சியாஸ் காரில் கொண்டுவந்த வகையில், ஆல்டர்னேட்டர் இருக்கும் இடத்தில் பெல்ட்டால் இணைந்த சிறு மோட்டார் ஒன்று இன்ஜினைக் கிளப்பவும் புறப்படும்போது சற்றுத் தள்ளிவிடவும் உதவுகிறதே தவிர, கியர்பெட்டி வழக்கமான மேனுவலோ ஆட்டோமேட்டிக்கோதான். அதற்குப் பழைய விதியே போதும். இக்கட்டுரை பேசுவது மோட்டார் மட்டுமே தனித்துச் சக்கரங்களை ஓட்டக்கூடிய முழு ஹைப்ரிட் வகையைப் பற்றியதாகும். 2010இல் இந்தியாவுக்கு இறக்குமதியாக வந்த டொயோட்டா பிரியஸ், 2013இல் வந்த கேம்ரி ஹைப்ரிட், 2022இல் வெளிவந்த அர்பன் குரூசர் ஹைரைடர், அதன் உடன்பிறப்பான மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றின் உயர்வகைகள், ஹோண்டா சிட்டி இஎச்இவி ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. கிராண்ட் விட்டாரா என்ற ஒரே பெயரில் இரு வகையும் விற்கப்படுவதால், பணிமனைக்கு வரும் வண்டியின் பானெட்டைத் திறந்து ஆரஞ்சு நிற மின்கம்பிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பதே இத்தொழிலில் முதல் வேலை.

டொயோட்டாவின் அமைப்பு 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த முதல் பிரியஸிலிருந்து தொடங்குகிறது. ஆனால் அதன் அடிப்படைக் கருத்து, அமெரிக்காவின் டிஆர்டபிள்யூ நிறுவனத்தைச் சேர்ந்த பெர்மன், கெல்ப், ரிச்சர்ட்சன் ஆகிய மூவர் 1971இலேயே காப்புரிமை பெற்ற மின்-இயந்திரக் கியர்பெட்டியில் உள்ளது. அதன் நடுவில் இருப்பது கோள் பல்சக்கரத் தொகுதி ஒன்று. நடுவில் சூரியச் சக்கரம், அதைச் சுற்றி ஓடும் சிறு கோள் சக்கரங்கள், அவற்றைப் பிடித்திருக்கும் தாங்கி, எல்லாவற்றையும் வெளியே சூழ்ந்து உட்புறம் பல் வெட்டிய வளையச் சக்கரம் என்பனவே அதன் உறுப்புகள். இன்ஜின் தாங்கியோடும், முதல் மோட்டார் சூரியச் சக்கரத்தோடும், வண்டியின் சக்கரங்களுக்குப் போகும் வழியும் இரண்டாம் மோட்டாரும் வளையச் சக்கரத்தோடும் இணைந்திருக்கின்றன. இந்த இணைப்புகள் ஒருபோதும் விடுபடுவதில்லை. கிளட்ச் இல்லை, டார்க் கன்வர்ட்டர் இல்லை, சாதாரண சிவிடி வண்டியில் தேய்ந்துபோகும் உலோகப் பட்டையும் இல்லை. விளம்பரங்களில் இ-சிவிடி என்று அழைக்கப்பட்டாலும், பட்டை சிவிடியோடு அதற்குப் பெயரைத் தவிர வேறு உறவில்லை. பட்டை சிவிடிக்குரிய ஆயிலை இதில் ஊற்றிவிட்டு வரும் வண்டிகளுக்கு அந்தப் பெயர்தான் பாதிப் பொறுப்பு.

பிரியஸின் முதல் மூன்று தலைமுறைகளில் சூரியச் சக்கரத்துக்கு 30 பற்களும் வளையச் சக்கரத்துக்கு 78 பற்களும் இருக்கின்றன. இந்த இரண்டு எண்களைக் கொண்டே மற்ற அனைத்தையும் கணக்கிட்டுவிடலாம். இன்ஜின் தரும் முறுக்குவிசை எப்போதும் 78க்கு 30 என்ற அதே விகிதத்தில் பிரிந்து, ஏறத்தாழ 72 சதவீதம் வளையம் வழியாக நேரே சக்கரங்களுக்கும், 28 சதவீதம் முதல் மோட்டாருக்கும் போகிறது. விசையின் பங்கு மாறாதிருக்க, வேகம் மட்டும் மாறுகிறது. வண்டி நின்றுகொண்டிருக்கும்போது இன்ஜின் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால், அசையாத வளையத்துக்குள் சூரியச் சக்கரம் 3,600 சுற்று ஓடி மின்சாரம் தயாரிக்கும். இன்ஜின் நின்று வண்டி மோட்டாரில் மட்டும் ஓடினால், அதே சூரியச் சக்கரம் வளையத்தின் வேகத்தைப்போல 2.6 மடங்கு வேகத்தில் பின்னோக்கிச் சுழலும். முதல் மோட்டாரின் வேகத்தை மின்னணுவால் கூட்டியும் குறைத்தும், இன்ஜின் எந்த வேகத்தில் ஓட வேண்டும் என்பதை வண்டியின் வேகத்தைச் சாராமலே தீர்மானித்துவிட முடிவதால், இந்த வண்டிகளில் கியர் மாற்றம் என்பது ஒரு பல்சக்கரத்தைக்கூட நகர்த்தாமல் நடந்து முடிகிறது. முதல் மோட்டார் தயாரிக்கும் மின்சாரம் இன்வெர்ட்டர் எனப்படும் மாற்றிக்குள் புகுந்து, இரண்டாம் மோட்டாருக்குத் தக்க மூன்று கட்ட மின்சாரமாக வெளியேறுகிறது. மிஞ்சியது பேட்டரிக்குப் போகிறது.

மலையேற்றத்தில் இந்த ஏற்பாடு ஓட்டுநருக்குச் சற்று அந்நியமாகத் தோன்றும். வளைவில் வண்டி மெதுவாக ஊரும்போது இன்ஜின் தரும் 72 சதவீத முறுக்குவிசை பெருக்கப்படாமல் நேரே போவதால், மேனுவல் வண்டியின் முதல் கியர் செய்யும் வேலையை இங்கே இரண்டாம் மோட்டார்தான் செய்தாக வேண்டும். அதற்கான மின்சாரத்தைத் தருவதற்காக இன்ஜின் உயர்ந்த வேகத்தில் ஓடுகிறது. வண்டி ஊர்கிறது, இன்ஜின் கத்துகிறது, இரண்டுக்கும் சம்பந்தமே இல்லாதது போன்ற அந்த ஓசையைக் கேட்டு கிளட்ச் நழுவுகிறது என்று முடிவு கட்டி வருபவர்கள் உண்டு. நழுவுவதற்கு அதில் கிளட்ச் இல்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. உண்மையில் ஏற்றம் இந்த இயந்திரத்துக்கு அவ்வளவு பெரிய சுமையல்ல: பயணிகளோடு 1,600 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 35 கி.மீ. வேகத்தில் இப்பாதையில் ஏறுவதற்குச் சராசரியாக 10 கிலோவாட் அளவே தேவைப்பட, ஹைரைடரின் 1.5 லிட்டர் இன்ஜின் மட்டும் 68 கிலோவாட் தரவல்லது.

ஏற்றத்தில் கவனிக்க வேண்டிய ஒரே கெட்ட பழக்கம், மே மாதக் கோடை விழா நெரிசலில் வெளிப்படுகிறது. முன்னால் பேருந்து வளைவில் திரும்ப முடியாமல் நிற்க, பின்னால் வரிசையாக வண்டிகள் சரிவில் நிற்கும்போது, பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டே வண்டியை அதே இடத்தில் நிறுத்தி வைப்பவர்கள் பலர். மேனுவல் வண்டியில் ஹாஃப் கிளட்ச் என்று சொல்லப்படும் பழக்கத்தின் மிச்சம் இது. மூன்று கட்ட மோட்டார் சுழலாமல் விசை கொடுத்துக்கொண்டிருந்தால், மின்னோட்டம் கட்டத்துக்குக் கட்டம் மாறிச் சுழல்வதற்குப் பதிலாக ஒரே சுருளிலும் இன்வெர்ட்டரின் ஒரே இணை டிரான்சிஸ்டரிலும் தேங்கி நிற்கும். சூடு பரவ வழியின்றி அந்த ஓரிடத்தில் ஏறும். சற்று நேரத்தில் கணினி விசையைக் குறைத்துவிட, வண்டி பின்னோக்கி நழுவும். தயாரிப்பாளர்களின் கையேடுகளும் சரிவில் ஆக்சிலரேட்டரால் வண்டியைப் பிடித்து நிறுத்தக் கூடாது என்றே எச்சரிக்கின்றன. பிரேக்கை அழுத்திக் காத்திருப்பதற்கு எந்தச் செலவும் இல்லை, இன்ஜின்கூட ஓடிக்கொண்டிருக்காது.

உண்மையான சோதனை இறக்கத்தில்தான் வருகிறது. அதைக் கணக்காகப் பார்ப்பது நல்லது. ஏற்காட்டுக்கும் அடிவாரத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டை ஏறத்தாழ 1,000 மீட்டர் என்று கொண்டால், 1,600 கிலோ எடையுள்ள வண்டி கீழே வந்து சேரும்போது வெளியிட்டாக வேண்டிய ஆற்றல் வீட்டு மின்கட்டணக் கணக்கில் சொன்னால் சுமார் 4.4 யூனிட். காற்றின் தடையும் டயர் உருளும் தடையும் அதில் ஒன்றேகால் யூனிட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும். மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் மிஞ்சும். பிரேக்கை மிதித்தாலும் ஆக்சிலரேட்டரை விட்டாலும் இரண்டாம் மோட்டார் ஜெனரேட்டராக மாறி அதைப் பேட்டரியில் சேர்க்கும் என்பதே ஹைப்ரிட்டின் பெருமை. ஆனால் ஹைரைடர், கிராண்ட் விட்டாரா வண்டிகளின் பேட்டரி மொத்தம் 0.76 யூனிட் கொள்ளளவு உடையது. அதன் ஆயுளைக் காப்பதற்காகக் கணினி அதை முழுதாக நிரப்புவதும் இல்லை, முழுதாகக் காலி செய்வதும் இல்லை என்பதால் உண்மையில் பயன்படுவது அதில் பாதிக்கும் குறைவு. சுருங்கச் சொன்னால், மலை தரும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குக்குத்தான் வண்டியில் இடம் இருக்கிறது. 20ஆம் வளைவில் இறங்கத் தொடங்கிய வண்டி மூன்று நான்கு வளைவுகளைத் தாண்டுவதற்குள் அந்த இடமும் நிரம்பிவிடும்.

நிரம்பிய பிறகு நடப்பதுதான் ஓட்டுநர்களைத் திடுக்கிடச் செய்கிறது. "அண்ணா, ஆக்சிலரேட்டர்ல காலே வைக்கலைங்க, இன்ஜின் தானா கத்துதுங்க" என்று அடிவாரத்துக்கு வந்ததும் அலைபேசியில் அழைப்பவர்கள் சொல்வது இதைத்தான். சேர்க்க இடமில்லாத மின்சாரத்தைக் கணினி முதல் மோட்டாருக்குத் திருப்பிவிட, அது பெட்ரோல் ஒரு துளியும் இல்லாமல் இன்ஜினை வேகமாகச் சுழற்றுகிறது. காற்றை உறிஞ்சி வெளித்தள்ளும் வேலையில் அந்த ஆற்றல் வெப்பமாகிக் கரைகிறது. ஏறின கியரிலேயே இறங்கு என்ற பழைய விதியை இங்கே இயந்திரம் தானாகவே கடைப்பிடிக்கிறது என்று கொள்ளலாம். கியர் நெம்புகோலில் பி (B) என்று குறிக்கப்பட்ட நிலை இதை முன்கூட்டியே வேண்டிக் கேட்பதற்கானது. அந்த நிலையில் போட்டதும் பேட்டரி நிரம்பும்வரை காத்திராமல் இன்ஜின் எதிர்ப்பும் சேர்ந்து வண்டியைப் பிடிக்கத் தொடங்கும். முதல் சில வளைவுகளை வழக்கமான டி (D) நிலையில் இறங்கி, பேட்டரி அளவுகோல் மேல்கோட்டை நெருங்கும்போது பிக்கு மாற்றி, அடிவாரத்தில் மீண்டும் டிக்கு வருவதே இப்பாதைக்குப் பொருத்தமான முறை. சமவெளியிலும் பியிலேயே ஓட்டுபவர்கள் திரும்பக் கிடைக்கக்கூடிய மின்சாரத்தின் ஒரு பகுதியை வீணாக்குகிறார்கள். எரிபொருளை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் இறங்குவது இவற்றிலெல்லாம் மோசமானது. நியூட்ரலில் இன்வெர்ட்டர் இரு மோட்டார்களையும் துண்டித்துவிடுவதால் மின்சாரமும் சேராது, இன்ஜின் எதிர்ப்பும் இராது, 20 வளைவுகளின் மொத்தச் சுமையும் பிரேக் தட்டுகளின் தலையில் விழும்.

அந்தப் பிரேக்கும் இவ்வகை வண்டிகளில் கியர்பெட்டியின் ஓர் அங்கம் என்றே கருதத்தக்கது. மிதியை அழுத்தும்போது முதலில் மோட்டாரும், தேவைப்படும்போது மட்டும் ஹைட்ராலிக் பிரேக்கும் வேலை செய்யுமாறு கணினி பங்கிட்டுக் கொடுப்பதால், சமவெளியில் ஓடும் ஹைப்ரிட் வண்டியின் பிரேக் பேடுகள் நெடுங்காலம் தேயாமல் இருக்கின்றன. தேயாமை நல்ல செய்தியாகத் தோன்றினாலும், மூடுபனியும் வடகிழக்குப் பருவமழையும் உள்ள மலையில் அதற்கு மறுபக்கம் உண்டு. உபயோகமில்லாத தட்டுகளில் துரு ஏறுகிறது. காலிப்பரின் நகரும் ஊசிகள் மசகு வற்றி இறுகிக்கொள்கின்றன. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி அதன் கொதிநிலை தாழ்கிறது. இப்படி ஓய்ந்திருந்த பிரேக்கை, பேட்டரி நிரம்பிய அந்தக் கணத்தில்தான் மலை முழு வேலைக்கு அழைக்கிறது. பேடில் இன்னும் பாதிக்கு மேல் கனம் இருக்கிறது என்று அளந்து பார்த்துவிட்டுச் சக்கரத்தைத் திரும்ப மாட்டிவிடுவது போதாது. காலிப்பரைக் கழற்றி, ஊசிகளை வெளியே இழுத்துத் துடைத்து, அதற்குரிய கிரீஸ் தடவி, கையால் தள்ளினால் தடையின்றி நகர்கிறதா என்று ஒவ்வொரு ஆண்டும் பார்ப்பதும், பிரேக் ஆயிலை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதும் மலையில் ஓடும் வண்டிக்குக் குறைந்தபட்சத் தேவைகள்.

ஏற்காட்டைத் தாண்டித் தோட்டங்களுக்கும் குக்கிராமங்களுக்கும் பிரியும் பாதைகளில் இன்னொரு குணம் வெளிப்படுகிறது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காப்பிப்பழம் பறிக்கும் காலத்தில், மூட்டை ஏற்றிய பிக்கப் எதிரே வந்துவிட்டால், சிறிய வண்டிதான் சில்வர் ஓக் மரங்களுக்கிடையே பின்னோக்கி ஏறி இடம் கொடுக்க வேண்டியிருக்கும். டொயோட்டா அமைப்பில் ரிவர்ஸுக்கென்று தனிப் பல்சக்கரம் கிடையாது. இரண்டாம் மோட்டார் பின்னோக்கிச் சுழல்வதே ரிவர்ஸ். பேட்டரி தாழ்ந்திருந்தால் மின்சாரத்துக்காக இன்ஜின் ஓடத் தொடங்கும். ஆனால் இன்ஜினின் 72 சதவீத முறுக்குவிசை எப்போதும் வளையத்தை முன்னோக்கியே தள்ளும் என்பதால், மோட்டார் மலையையும் இன்ஜினையும் ஒருசேர எதிர்த்து இழுக்க நேரிடும். ரிவர்ஸ் ஏற்றத்தில் வண்டி சோர்ந்து நிற்பதற்கு இதுவே காரணமாதலால் கியர்பெட்டியைப் பழிக்க வேண்டியதில்லை. செங்குத்தான தோட்டப் பாதையில் நுழையும்போதே திருப்பிடம் பார்த்துவைத்து, பின்னோக்கிப் போக நேர்ந்தால் அது இறக்கமாக அமையுமாறு நிறுத்திக்கொள்வது அனுபவமுள்ள ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் வழி. சரிவில் நிறுத்தும்போது முதலில் கைப்பிரேக்கைப் போட்டு வண்டியின் எடையை அதில் தாங்கவிட்ட பிறகே நெம்புகோலை பார்க் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். முறை மாறினால் கியர்பெட்டிக்குள் உள்ள விரல் அளவு கொக்கி ஒன்றில் வண்டியின் எடை முழுவதும் தொங்கி, அடுத்த முறை எடுக்கும்போது தட் என்று அதிர்ந்து விடுபடும்.

கியர்பெட்டி ஆயிலைப் பற்றிப் பேசாமல் இப்பொருள் முடியாது. தயாரிப்பாளர்களும் பணிமனைகளும் அதிகம் முரண்படுவதும் இங்கேதான். பல கையேடுகள் அந்த ஆயிலை மாற்றவே வேண்டியதில்லை என்றோ, கடுமையான ஓட்டத்தில் மட்டும் மாற்றலாம் என்றோ சொல்கின்றன. வண்டி ஓடும் பகுதி பெரும்பாலும் மலைப்பாதையாக இருக்கையில் அது கடுமையான ஓட்டமல்லாமல் வேறென்ன? இந்த ஆயில் பல்சக்கரங்களுக்கு மசகிடுவதோடு நிற்பதில்லை. உயர் அழுத்த மின்சாரம் பாயும் செம்புச் சுருள்களின்மேல் நேரே பட்டு அவற்றைக் குளிர்விக்கிறது, அதே வேளையில் மின்காப்பாகவும் இருந்தாக வேண்டும். கிளட்ச் தேய்மானம் இல்லாததால் அது கருத்துப்போகாது என்பது பாதி உண்மையே. புது வண்டியின் பற்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில் உதிரும் நுண்ணிய இரும்புத்தூள் முதல் வடிப்பிலேயே தெரியும். திறந்த தட்டில் வடித்த ஆயிலைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால், புதிதில் இளஞ்சிவப்பாக இருந்தது தேயிலைச் சாய நிறத்துக்கு வந்திருக்கும். அடியில் சாம்பல் நிறப் படலம் ஒன்று மினுங்கும். விரலால் தொட்டுத் தேய்க்கும்போது மாவுபோல வழுவழுப்பாக இருந்தால் அது இயல்பு. துகள் நறநறத்தால் தாங்குருளையோ பல்லோ சேதப்பட்டிருக்கிறது என்று பொருள். மலையில் ஓடும் வண்டிக்கு முதல் முறை 40,000 கி.மீ. அளவிலும், பிறகு 60,000 முதல் 80,000 கி.மீ.க்கு ஒருமுறையும் மாற்றுவது இதை எழுதுபவரின் பரிந்துரை. நான்கு லிட்டர் அளவே ஆகும் ஆயிலின் விலை, கியர்பெட்டியின் விலைக்கு முன் பேசத்தக்கதல்ல.

மாற்றும் முறையிலும் சில நுணுக்கங்கள் உண்டு. ஆயில் ஊற்றும் மேல் திருகு கழல்கிறதா என்று பார்த்த பிறகே வடிக்கும் கீழ்த்திருகில் கை வைக்க வேண்டும். எல்லாவற்றையும் வடித்துவிட்டு, மேல் திருகு இறுகிக் கிடப்பதைக் கண்டால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். ஊற்றும் துளையின் கீழ்விளிம்பில் ஆயில் வழியத் தொடங்குவதே சரியான மட்டம் என்பதால், நான்கு சக்கரமும் ஒரே மட்டத்தில் நின்றாக வேண்டும். மலை ஊர்களில் வீட்டு முற்றங்கள் பார்வைக்குச் சமமாகத் தோன்றி உண்மையில் சாய்ந்திருப்பதால், ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் செய்த வேலை அரை லிட்டர் கூடவோ குறையவோ முடிந்துவிடும். இரு திருகுகளுக்கும் புதிய வாஷர் போட வேண்டும். பிரியஸின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளுக்கு டொயோட்டாவின் டபிள்யூஎஸ் வகை ஆயில் பொருந்தும்; புதிய தலைமுறைகளுக்கு அதைவிட மெல்லிய வேறு வகையும் வந்துவிட்டதால், டப்பாவைக் கையில் எடுக்குமுன் அந்தந்த வண்டியின் கையேட்டைத் திறப்பதே பாதுகாப்பு. இன்ஜின் ஆயில் வடிக்கும் திருகுக்குப் பதிலாகப் பக்கத்தில் உள்ள கியர்பெட்டித் திருகைக் கழற்றிவிட்டு, காலியான கியர்பெட்டியோடும் இரு பங்கு ஆயில் நிரம்பிய இன்ஜினோடும் வண்டியை அனுப்பிவைத்த பணிமனைகளும் இருக்கின்றன. வடிவது சிவப்பாக இருந்தால் அந்த நொடியே திருகைத் திரும்ப மூடியிருக்கலாம்.

ஓசையை வைத்து நோயறிவதற்கும் வழி உண்டு. வேகத்தோடு உயரும் மெல்லிய ரீங்காரம் இன்வெர்ட்டரின் இயல்பான ஓசையா, தாங்குருளை தேய்வதால் வருவதா என்ற ஐயம் வந்தால், ஆளில்லாத சமதளச் சாலையில் சிறிது தூரம் நியூட்ரலில் உருளவிட்டுக் கேட்க வேண்டும். மின்சாரம் துண்டிக்கப்பட்டதும் ஓசை மறைந்தால் அது மின்னோசை, தொடர்ந்தால் தாங்குருளை. இன்ஜின் கிளம்பும் கணத்தில் மட்டும் தடதடத்தால், இன்ஜினுக்கும் கியர்பெட்டிக்கும் இடையே அதிர்வை வாங்கிக்கொள்ளும் சுருள்வில் தட்டைச் சந்தேகிப்பது வழக்கம். ஆனால் மூன்றாம் தலைமுறைப் பிரியஸில், ஹெட் கேஸ்கெட் கசிந்து இரவு முழுவதும் கூலண்ட் சிலிண்டருக்குள் இறங்கியிருந்தாலும், குளிர்ந்த காலையில் அதே தடதடப்பு கேட்கும். கியர்பெட்டியை இறக்கிய பிறகு இதைக் கண்டுபிடிப்பது வீண் உழைப்பு.

ஏற்றத்தில் வண்டியைத் தூக்குவது பெரும்பாலும் இன்வெர்ட்டர் வழியாகப் போகும் மின்சாரமே என்று மேலே சொன்னதன் தொடர்ச்சியாக, அதைக் குளிர்விக்கும் ஏற்பாட்டைக் கவனிக்க வேண்டும். இன்ஜினின் ரேடியேட்டருக்கு உள்ளது போலவே இன்வெர்ட்டருக்கும் தனிக் கூலண்ட், தனிச் சேமிப்புக் கலம், மின்சாரத்தால் ஓடும் தனிப் பம்பு ஆகியவை உள்ளன. இந்தப் பம்பு நின்றால் ஓசையேதும் கேட்காது. வண்டி முன்போலவே ஓடி, நீண்ட ஏற்றத்தில் மட்டும் எச்சரிக்கை விளக்கோடு விசை குறையும். வண்டியை ரெடி நிலையில் வைத்துக் கலத்தின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தால், பம்பு நலமாக இருக்கையில் கூலண்டின் மேற்பரப்பு கலங்கி ஓடிக்கொண்டிருக்கும். தேங்கிய குட்டைபோல அசையாமல் இருந்தால் பம்பு போய்விட்டது. இந்தப் பம்புக்காக 2012 நவம்பரிலும், உயர்சுமையில் இன்வெர்ட்டர் டிரான்சிஸ்டர்கள் சூடேறிச் சேதமாவதைத் தடுக்கும் மென்பொருள் மாற்றத்துக்காக 2014 பிப்ரவரியிலும் டொயோட்டா உலகெங்கும் வண்டிகளைத் திரும்ப அழைத்தது; பின்னதில் மட்டும் 19 லட்சம் பிரியஸ் வண்டிகள் இடம்பெற்றன. பழைய வண்டியை வாங்குபவர் அந்தத் திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று கேட்டுவைப்பது நல்லது. பேட்டரிக்குக் காற்று இழுக்கும் விசிறியின் வடிகட்டியும் இதே வகையைச் சேர்ந்தது. பின்னிருக்கையில் சாமான் மூட்டையைச் சாத்தி அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டால் பேட்டரி சூடேறி, வாங்கிக்கொள்ளும் மின்சாரத்தைக் குறைத்துக்கொள்ளும். அதன் விளைவு மீண்டும் இறக்கத்தில் பிரேக்கின்மேல்தான் போய் விழும்.

ஹோண்டா சிட்டி இஎச்இவி வேறு வழியில் போகிறது. குறைந்த வேகத்தில் அதன் இன்ஜினுக்கும் சக்கரங்களுக்கும் இயந்திரத் தொடர்பே இல்லை; இன்ஜின் ஜெனரேட்டரை ஓட்ட, ஜெனரேட்டர் தரும் மின்சாரத்தில் மோட்டார் சக்கரங்களை ஓட்டுகிறது. நெடுஞ்சாலை வேகத்தில் மட்டும் ஒரு கிளட்ச் மூடி இன்ஜினைச் சக்கரங்களோடு நேரே இணைக்கிறது. ஏற்காட்டுப் பாதையில் அந்த வேகம் வாய்ப்பதில்லை என்பதால், அங்கே அது முழுக்க மோட்டார் வண்டியாகவே ஏறி இறங்கும். ஸ்டியரிங்கின் பின்னால் உள்ள துடுப்புகளால் மோட்டாரின் இழுப்பைக் கூட்டிக் குறைக்கலாம். பேட்டரி நிரம்பினால் இதிலும் ஜெனரேட்டர் இன்ஜினைச் சுழற்றி ஆற்றலைக் கரைக்கும்.

ஆனால் ஹோண்டா என்றாலே ஒரே அமைப்பு என்று எண்ணிவிடக் கூடாது என்பதை இலங்கையின் அனுபவம் காட்டுகிறது. வரிச்சலுகையால் ஜப்பானிய ஹைப்ரிட் கார்கள் பெருவாரியாக இறங்கிய அந்நாட்டில், 2013 செப்டம்பரில் ஜப்பானில் வெளிவந்த மூன்றாம் தலைமுறை ஃபிட்டும் அதைத் தொடர்ந்த வெசலும் மலையகச் சாலைகள்வரை பரவின. அவற்றில் இருந்தது இரட்டைக் கிளட்ச் கொண்ட ஏழு கியர் பெட்டி. கிளட்ச்சுகள் ஆயிலில் மூழ்காத உலர் வகை. கண்டி, நுவரெலியா ஏற்றங்களில் நெரிசலில் ஊரும்போது அந்தக் கிளட்ச்சுகள் நழுவி நழுவிச் சூடேறி, கியர்பெட்டி சூடாகிவிட்டது, ஓரமாக நிறுத்துக என்ற எச்சரிக்கை திரையில் வருவது அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு நன்கு பழகிய சங்கதி. ஜப்பானிலேயே ஓராண்டுக்குள் ஐந்து முறை ஃபிட் ஹைப்ரிட் திரும்ப அழைக்கப்பட்டது. தேயக்கூடிய கிளட்ச்சை ஹைப்ரிட்டுக்குள் வைத்தால் மலை அதைத் தேடிப் பிடித்துவிடும். டொயோட்டாவின் கோள் சக்கர அமைப்பு ஓசையில் எத்தனை அலுப்பூட்டினாலும், மலைக்கு அதுவே ஏற்றது என்ற கருத்து இப்படித்தான் உருவாகிறது.

எந்த வேலைக்கும் முன்பாகச் செய்ய வேண்டியதொன்று உண்டு. ஆரஞ்சு கம்பிகளில் பாயும் மின்சாரம் மூன்றாம் தலைமுறைப் பிரியஸில் 650 வோல்ட் வரை உயரக்கூடியது. 12 வோல்ட் பேட்டரியைத் துண்டித்து, மின்காப்புக் கையுறை அணிந்து சர்வீஸ் பிளக் எனப்படும் துண்டிப்பானைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் வடிவதற்குப் பத்து நிமிடம் காத்திருந்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே கம்பிகளைத் தொடலாம். கையுறையை ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுப் பக்கம் சுருட்டி உள்ளே காற்றை அடைத்து அழுத்தி, ஊசித்துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலைமேல் வண்டி நின்றுவிட்டால் அதைக் கீழே கொண்டுவருவதிலும் இதே அமைப்பு குறுக்கிடுகிறது. முன்சக்கரங்கள் தரையில் உருண்டால் இரண்டாம் மோட்டார் சுழன்றே தீரும், அதன் நிலைக்காந்தங்கள் மின்சாரத்தை உண்டாக்கியே தீரும். இன்ஜின் நின்றிருப்பதால் பல டொயோட்டா கியர்பெட்டிகளில் ஆயில் பம்பும் ஓடாது. கயிறு கட்டி இழுத்துக்கொண்டு 20 வளைவுகள் இறங்கிய வண்டியில், சாதாரண சென்சார் கோளாறாக இருந்தது இன்வெர்ட்டர் கோளாறாக மாறியிருக்கும். முழு வண்டியையும் ஏற்றும் தட்டு லாரி கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். அது தோட்டப் பாதைக்குள் திரும்ப முடியாத இடமானால், முன்சக்கரங்கள் இரண்டையும் தரையிலிருந்து தூக்கி, பின்சக்கரங்களில் மட்டும் உருளவிட்டு, கைப்பிரேக் விடுபட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிரதான சாலைவரை மெதுவாகக் கொண்டுவந்து அங்கே லாரியில் ஏற்றிக்கொள்ளலாம். நான்கு சக்கர இழுப்புள்ள ஹைப்ரிட்டில் இந்த மாற்றுவழியும் கூடாது. பின்னச்சிலும் ஒரு மோட்டார் இருக்கலாம்.